இரண்டாம் மாடி யாருக்கு

அந்த ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் சூப்பர்வைசர். பல வருஷம் அறை அறையாகத் தள்ளுவண்டி தள்ளித்தான் அந்த இடத்துக்கு வந்திருந்தாள். முன்பிருந்த சூப்பர்வைசர் வேண்டியவர்களுக்கு லேசான வேலையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் இவள் தலையில் கட்டுவாள். "நான் மட்டும் அந்த எடத்துக்கு வந்தா ஒருத்திக்கும் ஓரவஞ்சனை பண்ண மாட்டேன்" என்று குளியலறையைத் தேய்த்துக்கொண்டே கறுவியவள்தான் இவள்.

வந்தாள். கொஞ்ச நாளில் கணவனின் தங்கையும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

"அண்ணி, எனக்கு இடுப்பு தாங்காது. பாத்துப் போடுங்க."

நாத்தனார் முகம் சுருங்கினால் வீடே சுருங்கிவிடும். அதனால் நான்காம் மாடி அவளுக்குப் போனது. அங்கே தங்குவது அலுவலக வேலையாக வரும் ஒற்றை ஆட்கள். படுத்த சுவடு தெரியாமல் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் மாடியில் குடும்பங்கள். தரையெல்லாம் பிஸ்கட் தூள், சுவரில் கிரேயான் கிறுக்கல், நனைந்த மெத்தை, இழுத்துப் போட வேண்டிய கூடுதல் கட்டில்கள். அது எறும்புக்கு.

எறும்பு என்று பட்டப்பெயர் வைத்ததே சூப்பர்வைசர்தான். ஆள் ஒல்லி, தன்னைவிடப் பெரிய அழுக்குத்துணி மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடுவாள். பலமுறை தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்.

"அக்கா, மாடி மாத்தித் தர்றீங்களா? மணிக்கட்டு விண்ணு விண்ணுனு வலிக்குது."

"அடுத்த மாசம் பாக்கலாம்மா. உன்ன மாதிரி அந்த மாடிய வேற யாரு பாப்பா?"

பாராட்டையே பதிலாகக் கொடுத்து அனுப்பிவிடுவாள். அந்த அடுத்த மாசம் வரவேயில்லை.

ஒருநாள் பேய்மழை. பஸ் ஓடவில்லை. நாத்தனாரின் போன் அணைந்து கிடந்தது. எறும்பு மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு நடந்தே வந்து சேர்ந்தாள். முந்தின இரவு ஹோட்டலிலேயே தங்கிவிட்ட சூப்பர்வைசரும் அவளுமாகத்தான் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் பாதி அறைகள் முடிவதற்குள் சூப்பர்வைசருக்கு மூச்சு வாங்கியது. எதிரே மெத்தையைத் தூக்கிய எறும்பு இடது கையை மட்டும்தான் பயன்படுத்தினாள். வலது கையில் கட்டு.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்க்கா. கைக்கு ஓய்வு குடுக்கச் சொன்னாரு."

சூப்பர்வைசர் மெத்தையின் மறுமுனையைத் தூக்கினாள்.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். மழையிலும் வந்தவளின் போட்டோவை வரவேற்பறையில் மாட்டப்போவதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் கொஞ்சம் உரக்கவே தட்டினாள்.

"போட்டோ வேணாம் சார்," என்றாள் எறும்பு. "மாடிய மாத்திக் குடுத்தா போதும். கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்."

கைதட்டல் பட்டென்று நின்றது. மேனேஜர் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். எறும்பு மறுத்துப் பேசும் ரகமில்லை. ஆனால் அத்தனை பெண்களும் சூப்பர்வைசரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

"கேட்டா சார். நான்தான் தரல. நல்ல மாடிய என் நாத்தனாருக்குக் குடுத்துட்டேன்."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாடி மாறுகிறது. எறும்பின் கை தேறும்வரை இரண்டாம் மாடியைச் சூப்பர்வைசரே பார்த்தாள். நாத்தனார் வீட்டில் குதி குதியென்று குதித்தாள். "என் கூடப் பொறந்தவள நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே" என்று கணவனும் பேச்சை நிறுத்தினான். அதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது.

எறும்பு பழையதைக் கிளறவில்லை, முகம் கோணவில்லை, எப்போதும்போலத்தான் இருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. லிஃப்டில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டால், மேலே மாறும் எண்களையே பார்த்தபடி நிற்கிறாள் சூப்பர்வைசர்.