கடலைப் பார்த்த பங்கர்

சித்தியைத் திருகோணமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து அம்மாவும் நானும் முதன்முறையாக அவள் வீட்டுக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. கடலை அதுவரை காலண்டரில்தான் பார்த்திருந்தேன். மலையைப் போல அது ஓரிடத்தில் சும்மா இருக்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கரையோரம் சீமெந்து அறைகள் மணலில் சாய்ந்து கிடந்தன. ஊரார் அவற்றைப் பங்கர் என்றார்கள். உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் கடல்வழியாக வந்து இறங்கிவிடுவான் என்று பயந்து வெள்ளைக்காரன் கட்டியவையாம். ஜப்பான்காரன் இறங்கவில்லை. ஆடுகள்தான் வெயிலுக்கு ஒதுங்கின.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் நான் ஒரு பங்கருக்குள் தவழ்ந்து நுழைந்தேன். வாசல் மணல் சரிந்து எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. ஒரே இருட்டு. கடல் பக்கம், துப்பாக்கி நீட்டுவதற்காக விட்டிருந்த நீளமான இடுக்கில் மட்டும் வெளிச்சம். அதன் வழியே ஓர் அலை வந்து முகத்தில் அறைந்தது. அடுத்தது முழங்காலை நனைத்தது. "அம்மா!" என்று அலறினேன்.

முதலில் ஓடிவந்தவர் சித்தப்பாதான். நுரைக்குள் மண்டியிட்டு, இடுக்குக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் போடாத பிள்ளை. தலையத் தூக்காத. நான் நிக்கிறன்."

கத்தினால்தானே ஆட்கள் வருவார்கள்? ஏன் கத்தக்கூடாது என்கிறார்? அவர் பிடி இறுகிக்கொண்டே போனது. அலையைவிட அந்தப் பிடிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அம்மாவும் சித்தியும் வாசல் மணலைக் கையால் வாரித் தள்ளி என் காலைப் பிடித்து இழுத்தார்கள். சித்தப்பாவின் பிடியிலிருந்து என் கை நழுவியது. வெளியே வந்து பார்த்தால், அவர் இன்னமும் இடுக்குக்குள் கையை விட்டபடியே இருந்தார். சித்தி போய்த் தோளைத் தொட்டாள்.

"பிள்ள வெளிய வந்துருச்சுங்க. கைய எடுங்க."

அன்று அவர் சாப்பிட வரவில்லை. என்மேல் கோபமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கோவமில்லடி. சித்திய கட்டுறதுக்கு முந்தி அவருக்கு ஒரு மக இருந்துச்சு. இங்க சண்ட நடந்தப்ப, ஷெல் அடிக்கையில, ஒளியறதுக்கு வெட்டுன பங்கருக்குள்ள..." அம்மா நிறுத்திக்கொண்டாள்.

பங்கர் என்றால் எனக்குத் தெரிந்தது கடற்கரையில் பார்த்தது மட்டும்தான்.

"அங்கயும் கடல் தண்ணி வந்துருச்சாம்மா?" என்றேன்.

அம்மா என் தட்டில் இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தாள்.