அதிகப்படியாக ஐம்பது ஓட்டு

பூண்டியில் ஓட்டு மெஷினை நம்பாதவர்களை எண்ணப் புகுந்தால் ஊரே எழுந்து வரும். எந்தச் சின்னத்தை அமுக்கினாலும் ஒரே சின்னத்துக்குப் போகிறதாம். மேலே பறக்கிற செயற்கைக்கோள் ஓட்டை மாற்றிப் போடுகிறதாம். எங்கள் ஊரில் ஒரு போன் பேச வேண்டுமென்றால் கேரட் தோட்டத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்து மூலையில் துணி போர்த்தி வைத்த மெஷினுக்கு மட்டும் வானத்திலிருந்து சிக்னல் நேராக இறங்கிவிடும்.

இந்தக் கதைகளில் பாதியை ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நின்று வீடியோக்களை இறக்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸில் ஊருக்கு வந்து போட்டுக் காட்டுவேன். மற்றவர்கள் சும்மா சந்தேகப்பட்டார்கள். நான் படித்துவிட்டுச் சந்தேகப்பட்டேன். அந்த வித்தியாசத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

சட்டமன்றத் தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளருக்கு பூத் ஏஜெண்டாக உட்காருகிறேன் என்று நானே போய்க் கேட்டேன். உடனே கொடுத்துவிட்டார்கள். குளிரில் விடிவதற்கு முன்னால் எழுந்து வர வேறு ஆள் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

ஓட்டுப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு முன்னால் ஐந்தரைக்கு ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி ஓட்டு நடத்துவார்கள். ஐம்பது ஓட்டு போட்டுப் பார்த்து, கணக்கு சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டு, பிறகு 'கிளியர்' பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டு மெஷினுக்கு சீல் வைக்க வேண்டும். மெஷின் யோக்கியமானதா என்று ஊர்க்காரன் தன் கண்ணாலேயே சோதித்துப் பார்க்கிற நேரம் அது. வந்தது மூன்று ஏஜெண்டுகளில் இரண்டு பேர். முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் "மெஷினப் பிரிச்சுப் பாக்காம விடமாட்டேன்" என்று தொண்டை கிழியக் கத்திய மூன்றாவது ஆள், இன்றைக்குத் தன் தோட்டத்துக்குத் தண்ணி முறை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பூத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த அதிகாரி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வேடசந்தூர் பக்கம். எங்கள் குளிரை அதுவரை பார்த்தே இராதவர். ஒரு மப்ளருக்கு மேல் இன்னொரு மப்ளர் சுற்றியிருந்தார்.

"எதும் தப்பு நடந்தா என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன், கொஞ்சம் ஆசையோடுதான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. என்னைய சஸ்பெண்டு பண்ணுவாங்க. அடுத்த வருசம் ரிட்டயர்டு. அதுவரைக்கும் பேர் கெடாம போயிட்டாப் போதும்."

சொல்லிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "கையெழுத்த மொதல்லயே போட்டு வச்சிருங்க. சோலி வெரசா முடியும்."

'மாதிரி ஓட்டுகள் எங்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டன' என்று அதில் அச்சடித்திருந்தது. ஓர் ஓட்டுகூட அப்போது போட்டிருக்கவில்லை. இன்னொரு ஏஜெண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, மாட்டில் பால் கறக்கணும் என்று எழுந்து போனார். படித்துச் சந்தேகப்படுகிற நானும் போட்டேன்.

ஐம்பது ஓட்டு போட்டோம். மெஷின் காட்டியதும் பக்கத்துப் பெட்டியில் அச்சாகி விழுந்த சீட்டுகளை எண்ணியதும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"இப்ப சரியாத்தான் சார் காட்டும். ஏழு மணிக்கு மேலதான் மாறும். உள்ள ஒரு கடிகாரம் இருக்கு பாருங்க" என்று ஆரம்பித்தேன். சிப், புரோகிராம், கடிகாரம் என்று நான் அடுக்க அடுக்க, வாத்தியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டார். ஏழு நெருங்கிவிட்டது. வெளியே கதவை யாரோ தட்டினார்கள்.

"ஏலே, உள்ள என்ன கல்யாணமா நடக்குது? தோட்டத்துல மோட்டார் ஓடிக்கிட்டுக் கெடக்கு, வெரசா தெறங்க!"

அவர் பதறிப்போய் சீல் வைத்தார். நான் இன்னும் கடிகாரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்த்தபோது, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நூற்று நாற்பத்து மூன்று. மெஷினில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

பயமோ கோபமோ எனக்கு வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த டீக்கடையில் நின்று கத்தினேன். "அம்பது ஓட்டு அதிகம்! அம்பதும் கள்ள ஓட்டு!"

வரிசை கலைந்தது. "அப்பவே சொன்னேன்ல" என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொல்லிக்கொண்டார்கள். முழங்கால் வரைக்கும் சேறோடு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த மூன்றாவது ஏஜெண்டும் சொன்னார். பாதிப் பேர் ஓட்டுப் போடாமலே கிளம்பிவிட்டார்கள்.

கடைக்கார பாய் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "மாப்ள, சரியா அம்பதா?"

"சரியா அம்பது பாய்!"

"வெள்ளனே நீங்க உள்ள எத்தன அமுக்குனீங்க?"

சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். எனக்குக் காது சூடேறியது. அவர் நீட்டிய டீயை வாங்காமலே திரும்பி நடந்தேன்.

உள்ளே வாத்தியார் மப்ளர் இரண்டையும் கழற்றிவிட்டு வேர்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. அவரோடு ஓட்டுப்பதிவு வேலைக்கு வந்திருந்த இன்னொரு அலுவலர் மெதுவாகச் சொன்னார்:

"கிளியர் பண்ணியாச்சு, மெஷின்தான் கோளாறுன்னு எழுதிருவோம் சார். தம்பி கையெழுத்து இருக்கு. ஊரே வேற நம்பிருச்சு."

எவ்வளவு வசதி! ஒரு வருஷமாக நான் ஊரில் கட்டி எழுப்பிய சந்தேகம், மறதிக்கார மனிதர்கள் ஒதுங்கிக்கொள்ளத் தோதான கூரையாக நின்றது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் வேலை பிழைக்கும், நான் திருட்டைப் பிடித்த வீரனாவேன், வாயில்லாத மெஷின் பழியைச் சுமக்கும். வாத்தியார் என்னையே பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் ஒத்துக்கொண்டிருப்பேன்.

"கிளியர் அமுக்கல சார்" என்றேன். "நான் பேசிக்கிட்டே இருந்துட்டேன். பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். தான் மறந்ததை அவர் எழுதினார். என்னுடையதைத் தனித்தாளில் நான் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே போய் வரிசையில் நின்றவர்களிடம் உண்மையைச் சொன்னேன்.

"எம்புட்டு வாங்குன?" என்றார் சேற்றுக்கால் ஏஜெண்டு. எல்லாரும் சிரித்தார்கள். காலையில் நான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள், உண்மைக்கு மட்டும் ரசீது கேட்டார்கள். கிளம்பிப் போனவர்களில் ஒருத்தரும் திரும்பி வரவில்லை.

எண்ணிக்கை அன்று எங்கள் மெஷினைத் தனியே ஒதுக்கி வைத்தார்கள். ஜெயித்தவரின் முன்னிலை எங்கள் பூத்தின் மொத்த ஓட்டையும்விடப் பெரியது என்பதால் அதைத் திறக்கவே இல்லை. வாத்தியாரை சஸ்பெண்டு செய்தார்கள். விசாரணையில் என் தாளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஊரில் இன்றுவரை கதை ஒன்றுதான்: மெஷின் ஐம்பது ஓட்டைத் திருடியது, தண்ணி பாய்ச்சப் போனவர் அதைக் கண்டுபிடித்தார், நான் விலை போனேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் சொல்வார்கள்.

சில மாதம் கழித்து வாத்தியாரிடமிருந்து மிஸ்டு கால். பாறைக்கு ஏறிக் கூப்பிட்டேன். கண்டிப்போடு விட்டுவிட்டார்களாம், மறுபடி பள்ளிக்கூடம் போகிறாராம்.

"அப்புறம் தம்பி, ஒங்கூர்ல என்ன பேசிக்கிறாங்க?"

"மெஷின்தான் பண்ணுச்சுங்கிறாங்க சார்."

அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்புச் சத்தம்.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் எழுதுனத எவனுமே நம்பலியா?"

"ஒங்க ஆபீஸ்ல மட்டும்தான் சார் நம்புனாங்க" என்றேன்.