சீராகப் போன மீன்

போன மாதம் ஆலங்குடியில் என் நாத்தனார் சுமதி வீட்டுப் புதுமனைப் புகுவிழா. அண்ணன் சீர் இல்லாமலா? பாத்திரம் பண்டமெல்லாம் பழசு என்று முடிவுகட்டி, என் கணவர் கடல் மீன் தொட்டி வாங்கிவிட்டார். வருஷக்கணக்காகக் கடல் மீன் வளர்க்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்ப்ரைஸாம்!

தொட்டியும் உப்புத் தண்ணீரும் முன்னாடியே போய்த் தயாராகிவிட்டன. மீன் மட்டும் விழாவன்று மேளதாளத்தோடு, ஆப்பிளுக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவே, தாம்பாளத்தில் தண்ணீர்ப் பையில் போனது. விரல் நீளத்தில் ஒரு ப்ளூ டாங், பளீரென்ற நீலம். சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளந்தது.

நான் தொட்டியைப் பார்த்தேன். ஆள் உயரம்... நீளமோ இரண்டே அடி!

பத்து நாள் கழித்துப் போனால் சுமதி பெருமையாகக் காட்டுகிறாள். "பாருங்கண்ணி, ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. அம்புட்டு சந்தோஷம்!"

சந்தோஷமா? கண்ணாடியில் முட்டித் திரும்பி, மறுபடி முட்டித் திரும்பி... டாங் நாள் முழுக்க நீந்துகிற மீன். ஒரு சாண் வளரும். தொட்டி என்றால் எல்லோரும் எத்தனை லிட்டர் என்பார்கள். நான் எத்தனை அடி நீளம் என்றுதான் கேட்பேன். ஓடுகிற மீனுக்கு உயரம் எதற்கு? ஓட்டப்பந்தயத்தை மாடிப்படியிலா வைக்கிறோம்? டாங்குக்கு ஆறடி நீளமாவது வேண்டும்.

"சுமதி, இங்கிட்டே இருந்தா இது ரொம்ப நாள் தாங்காது. என் தொட்டிக்குக் கொண்டு போறேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணன் வச்ச சீரைத் திருப்பி அனுப்புனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

வைத்திருந்து செத்துப்போனாலோ புது வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். கண் கலங்கியவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் சம்பிரதாயம் பேசுபவர்களிடம் சம்பிரதாயமே பேச வேண்டும்...

"சீர் வந்த தாம்பாளத்தை வெறுமனே அனுப்பலாமா?"

"அதெப்படிங்க அண்ணி அனுப்புறது?"

"அப்ப அதுல இந்த மீனை வச்சு அனுப்பு."

சிரித்துவிட்டாள். மறுநாளே, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் மீனை வைத்துப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வந்தவளை நானும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. என் தொட்டியில் ஒரே மூலையை விட்டு நகராத கோமாளி மீன் ஜோடியைக் கொடுத்தேன். அவற்றுக்கு இரண்டடி தாராளம்.

இப்போது என் மாமனார் கட்டிய இந்த வீட்டு ஹாலில், ஆறடித் தொட்டியில், டாங் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஜோராகப் போய்வருகிறது. பார்க்கப் பார்க்க எனக்கே மூச்சு வந்ததுபோல் இருக்கிறது.

சுமதிக்குப் போன் பண்ணி, மீன் நல்லா இருக்கு என்றேன்.

"இருக்காதா பின்னே? எங்க பொறந்த வீடு பெருசுல்ல அண்ணி!"