அப்பா திருப்பிக் கொடுக்காத புத்தகங்கள்

எங்கள் அன்புத் தந்தையார் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேருக்காவது அப்பா ஒரு புத்தகம் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து சாப்பாட்டுப் பந்தியில் வைத்து அதை என்னிடம் கேட்காதீர்கள். அவை எங்கே இருக்கின்றன, ஏன் திரும்பி வராது என்பதையெல்லாம் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அப்பா கோலா பிலா ஊரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். தாத்தா சீக்கிரமே கண்ணை மூடிவிட, தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, படித்துத் தேறி, அங்கேயே மருந்து கொடுத்து ஊசி போடும் டிரஸ்ஸர் ஆனார். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி என்று யார் எப்போது கூப்பிட்டாலும் மழையைக்கூடப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். பகாவ் வரைக்கும் அவர் காலடி படாத தோட்டம் இல்லை. போன வீட்டில் காசு வாங்க மாட்டார். புத்தகம் வாங்குவார்.

“படிச்சிட்டுத் தரேன்” என்பார். பொய்யில்லை, படிப்பார். தருவதுதான் நடக்காது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கண் சுவரலமாரியை மேய்ந்துகொண்டிருக்கும். குழந்தைக்கு மருந்து கொடுக்கப் போனவர், அதன் தாய் வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த தொடர்கதையோடு வீடு திரும்புவார். உயிரைக் காப்பாற்றிய மனிதரிடம் எப்படி ஒரு கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்பது? எல்லாரும் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள்.

தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனபோது நாங்கள் ராசா என்ற ஊருக்குக் குடிவந்தோம். லாரி முழுக்கப் புத்தகப் பெட்டிகள். அம்மாவின் தையல் மெஷின் அடுத்த நடையில்தான் வந்தது. புது வீட்டில் விருந்தாளி உட்கார ஒரு நாற்காலி காலியாக இருந்ததில்லை. கரையான் வந்தது, பாச்சை வந்தது, அம்மா கத்திப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கடைசியில் ஒரு பல்கலைக்கழக நூலகம், தோட்டத்து மக்கள் வாசித்த பழைய தமிழ் நூல்களைத் தேடுகிறது என்று யாரோ சொல்ல, அப்பா மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. அவருக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொரு நூலின் முன்னட்டைக்கு உள்ளேயும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். அதில் அப்பாவின் பெயர், கீழே ‘அன்பளிப்பு’, நடுவில் ஒரு படம். அவர் ரப்பர் மரம் கேட்டிருந்தார். அச்சாகி வந்தது தென்னை போல ஒன்று. அதிலும் அவருக்குப் பெருமை குறையவில்லை. ஒரு சீட்டைக் கேட்டு வாங்கிவந்து, கண்ணாடி போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

இருதயக் கோளாறோடு மருத்துவமனையில் இருந்த கடைசி நாள்களில்கூட, பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒரு நாவலை வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருந்தார். அந்த ஒன்றை மட்டும் நான் திருப்பிக் கொடுத்தேன்.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அம்மாவின் அண்ணனான எங்கள் பெரிய மாமா மெல்ல என் பக்கத்தில் வந்தார். “பாப்பா, ஒங்கப்பா எங்கிட்ட ஒரு வைத்தியப் புக்கு வாங்கிட்டுப் போனாரு. எங்க இருக்குன்னு பாரு லா” என்றார். சொந்தத் தங்கை தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார், இவருக்கு வைத்தியப் புத்தகம். மாமா தொடங்கி வைத்ததுதான். பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஆளாளுக்கு ஒரு புத்தகத்தைச் சொன்னார்கள். பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்தது.

எல்லாரும் போன பிறகு அம்மா சொன்னார்: “என்னுதும் ஒன்னு அங்க இருக்கு.”

தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் அம்மா முதலாவதாக வந்து பரிசாகப் பெற்ற கதைப் புத்தகம் அது. அந்த ஆண்டோடு, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மாவின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு, அம்மாவின் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க வந்த இளம் டிரஸ்ஸர் அதையும் இரவல் வாங்கிப் போனார். திருப்பித் தர மனமில்லாமல்தான் பெண்ணையே கட்டிக்கொண்டார் என்று மாமா கேலி செய்வார்.

“அப்பா இருக்கும்போதே கேட்டிருக்கலாமேம்மா?”

“கேக்காமலா? ‘நம்ம வீட்டுலதான இருக்கு’ன்னு சொல்வாரு. இப்ப இல்லயே. அதுல பெரிய வாத்தியாரு எம் பேர எழுதியிருப்பாரு. அத மட்டும் வாங்கிக் குடு.”

தனக்கென்று ஒரு சேலைகூடக் கேட்டு வாங்காதவர் அம்மா. அவரையே அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஓர் இளம் பெண் அதிகாரி புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து திறந்து வைத்தார். அப்பாவின் சீட்டு, அம்மாவின் பெயருக்கு மேலேயே சரியாக ஒட்டப்பட்டிருந்தது. கீழே ‘முதல் பரிசு’ என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. அம்மா அந்தத் தென்னை மரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த எரிச்சலில், இறந்தவர் என்றும் பாராமல் அப்பாவை மனத்துக்குள் நன்றாகத் திட்டினேன்.

“ஆண்ட்டி, இவருக்கு நீங்க என்ன வேணும்?” என்று சீட்டிலிருந்த அப்பாவின் பெயரைக் காட்டி அதிகாரி கேட்டார்.

“புக்கு இரவல் குடுத்தவ” என்றார் அம்மா.

சீட்டை உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடலாம், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் அதிகாரி. அதன் பிறகு நான் போட்ட தொலைபேசி அழைப்புகளையும், ஏறி இறங்கிய படிகளையும் எழுதினால் இந்த மலர் போதாது.

நன்றி சொல்லும் கடமை இருக்கிறது. அப்பாவின் இறுதி நாள்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய ராசா அண்டை வீட்டாருக்கும், கோபத்தை மறந்து சொல்கிறேன், பெரிய மாமாவுக்கும் நன்றி. அப்பாவுக்குப் புத்தகம் கொடுத்து, கேட்காமல் விட்ட அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. உங்கள் புத்தகங்கள் குளிர்சாதன அறையில் கரையான் இல்லாமல் இருக்கின்றன. போய்ப் படியுங்கள்.

அந்த அதிகாரிக்குத் தனி நன்றி. போன மாதம் அவரே கூப்பிட்டார். சீட்டைப் பக்குவமாக எடுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள்; இந்த ஒரு புத்தகத்தை அம்மா வீட்டுக்கே கொண்டு போகவும் அனுமதி கிடைத்துவிட்டது. போனோம். மை மங்கியிருந்தாலும் அம்மாவின் பெயரை வாசிக்க முடிந்தது. அம்மா அதை வாய்விட்டு ஒரு தடவை படித்தார். நான் பையை விரித்துப் பிடித்தேன். அம்மா புத்தகத்தை மூடி அதிகாரியிடமே நீட்டினார்.

“ஏம்மா? இவ்வளவு அலைஞ்சு வாங்கியிருக்கேன்.”

“வீட்டுல யாரு பாக்கப் போறா? இங்கன்னா நாலு பேரு தொறப்பாங்க. நான்தான் மொதல்ல வந்தேன்னு தெரியட்டும் லா.”