இரண்டு பேருக்கான மருந்து

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி. வலைத்தொப்பி இன்னும் தலையில் இருந்தது. பிடுங்கி எறிந்தேன். வேலையையும் அரைமணி நேரம் முன்பு அப்படித்தான் எறிந்துவிட்டு வந்திருந்தேன்.

சீனர்களின் நிலாத் திருவிழாவுக்குக் கேக் செய்யும் தொழிற்சாலை அது. கேக்குகளைத் தகரப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. மூடியில் ஒரு பெண் நிலவை நோக்கிப் பறந்துகொண்டிருப்பாள். பக்கத்தில் நின்று அடுக்கிய சீன அக்காவிடம் அன்றைக்குத்தான் இது யாரென்று கேட்டேன். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

பத்துச் சூரியன்களில் ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய வில்லாளி ஒருவன். அவனுக்குச் சாகாமலிருக்க ஒரு மருந்து கிடைத்தது. இருவர் பாதி பாதி குடித்தால் இருவருக்கும் சாவில்லை. ஒருவரே குடித்தால் வானத்துக்குப் போய்விடலாம். அவன் மனைவி முழுவதையும் குடித்துவிட்டாள். மூடியில் பறப்பவள் அவள்தான். இன்றுவரை நிலவில் தனியாக இருக்கிறாள். அவன் அவளுக்குப் பிடித்த பழங்களை முற்றத்தில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் சூப்பர்வைசர் கோயம்புத்தூர்க்காரர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பொண்டாட்டிக்கு பி.ஆர். கெடைச்சிருச்சு, புருஷனைக் கழட்டி விட்டுட்டா. அவ்ளோதானே பாஸ் கதை? உங்களுக்கென்ன, நீங்க சிங்கிள். ஜாலி!"

கையிலிருந்த தட்டை எறிந்தேன். கேக்கெல்லாம் தரையில்.

நான் சிங்கிள் இல்லை. பருத்தித்துறையில் எனக்கு மனைவி இருக்கிறாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை அடைத்துவைத்திருந்த வில்லாவுட் அகதி முகாமில் கூட இருந்த ஒருவன், "கலியாணம் கட்டேல்லை எண்டு எழுது. தனி ஆளெண்டால் கெதியா விடுவாங்கள்" என்றான். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அதைச் சட்டமென்று நம்பி விசாப் படிவத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் சீக்கிரமாக நடக்கவில்லை. பிறகு போன இடமெல்லாம் அதையே சொன்னேன். போன வருடம் பி.ஆர். என்கிற நிரந்தர விசா வந்தது, எனக்கு மட்டும். படிவத்தில் இல்லாத மனைவியை எப்படிக் கூப்பிடுவது? ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு, பயந்து அப்படியே விட்டுவிட்டேன். அவளிடம், அரசாங்கம் இழுத்தடிக்கிறது என்றே சொல்லி வந்தேன்.

ரயில் நிலைய வாசலில் நின்று அவளுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை.

"என்னப்பா, இண்டைக்கு வேலை இல்லையோ?"

படிவத்தில் எழுதியதை முதல் தடவையாக அவளிடம் சொன்னேன்.

"அப்ப நான் ஆர்? இத்தனை வருசமா அரசாங்கத்தைத் திட்டித் திட்டி வாய் நொந்து போச்சு. அந்த அரசாங்கம் நீங்கள்தானோ?"

"திருத்தலாம் எண்டு லோயர் சொன்னவர். ஆனா பொய் சொன்னதுக்கு என்ர விசாவையும் பறிக்கக்கூடும்."

"பறிக்கட்டும்! இஞ்ச வந்து மீன் வில்லுங்கோ. நாளைக்கே உண்மையை எழுதிக் குடுங்கோ. இல்லாட்டி இனி எனக்குப் போன் எடுக்க வேண்டாம்."

வைத்துவிட்டாள்.

அந்த நிலாக் கதையைக் கேட்கிற எல்லோரும் பழம் வைத்தவனுக்காக உருகுகிறார்கள். குடித்தவரைப் பற்றி எனக்குத் தெரியும். குடிக்கும்போது இன்னொருவருக்கு மிச்சம் வைக்கத் தோன்றாது. தப்பினால் போதும் என்றிருக்கும். அந்தச் சூப்பர்வைசர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். முகாமில் புத்தி சொன்னவன் மேலும்தான். ஆனால் பேனா பிடித்த கை என்னுடையது.

மறுநாள் காலை, மரக்கறிச் சந்தையில் காய்கறிப் பெட்டி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிற்சாலையைவிடச் சம்பளம் குறைவு, முதுகு முறியும். ஆனால் பதினொரு மணிக்கு விட்டுவிடுவார்கள். வக்கீலின் அலுவலகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும்.