சாமி முடிக்கு முயல் கிளிப்

ருக்குமணியின் தலையில் இருக்கும் முடி ருக்குமணியுடையது அல்ல, பழனி முருகனுடையது. மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் அவளுக்கு மொட்டை போடுவதாக ஒட்டன்சத்திரத்தில் அம்மா நல்லம்மாள் வேண்டிக்கொண்டாள். பினாங்கில் வேலை ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. மொட்டை போட நேரமில்லாமல் விமானம் ஏற வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்வரை நேர்ந்த முடியில் கத்தரி படக்கூடாது. இரண்டு வருடத்தில் அது இடுப்பைத் தாண்டிவிட்டது. முருகனுக்கென்ன, அவர் பாட்டுக்கு மலைமேல் இருக்கிறார். சுமப்பது இவள்.

வேலை பத்து காவான் என்ற ஊரில், சிப் செய்யும் தொழிற்சாலையில். தூசி புகாத அறைக்குள் போக முக்காடு வைத்த வெள்ளை உடுப்பு மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை கொண்டை முக்காட்டுக்குள் அடங்காமல் ஜிப் ஏறவில்லை. மேற்பார்வையாளர் காமாரியா கொண்டையை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையும் ஏறாவிட்டால் வேறு ஆள்தான் என்று சொல்லிவிட்டாள். உலோகக் கொண்டை ஊசியும் உள்ளே ஆகாது.

சனிக்கிழமை ஜார்ஜ்டவுனில் சீனி முகம்மதுவின் ஃபேன்சி கடைக்குப் போனாள். முதல் பிளாஸ்டிக் கிளிப் தலையிலேயே முறிந்தது. இரண்டாவது தெறித்து, மின்விசிறியில் பட்டு, வளையல் அடுக்குக்குள் விழுந்தது. மூன்றாவதும் போனதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முப்பது வருசமா கடை வச்சிருக்கேன்லா. ஒரு தலைகிட்டயும் தோத்ததில்ல. கொஞ்சம் வெட்டிட்டா என்ன, தங்கச்சி?"

"என் முடி இல்லண்ணே. சாமிக்கு நேந்தது."

"அப்பச் சரி. எங்க அத்தா நாகூருக்கு நேந்துவிட்ட ஆடு மூணு வருசம் வீட்டு வேலியத் தின்னுச்சு. ஒரு வார்த்தை சொல்ல முடியல."

பிறகு அவரே யோசனை சொன்னார். கொண்டையே வேண்டாம். இரண்டு சடை பின்னி, தலையைச் சுற்றித் தட்டையாகப் படியவிட்டு, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு சின்னக் கிளிப் குத்த வேண்டும். சின்ன அளவில் குழந்தைகள் கிளிப்தான் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ரோஸ் நிற முயல் சிரித்தது. இருபத்துநான்கு வாங்கினாள்.

திங்கட்கிழமை காமாரியா முயல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் படிவத்தில் எழுதிக்கொண்டாள். உள்ளே போவது இருபத்துநான்கு முயல் என்றால் வெளியே வரும்போதும் இருபத்துநான்கு இருக்க வேண்டுமாம். ஜிப் ஏறியது. இருபத்தொன்பது வயதுப் பொறியாளர் ருக்குமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"ம்மா, ஜிப்பு ஏறிருச்சு. வேலை போகல."

"எனக்குத் தெரியும்டி. வெள்ளிக்கிழம நீ அழுதப்பவே முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். ஜிப்பு ஏறிருச்சுன்னா, இந்த மொட்டை முடிஞ்சு முடி வளந்ததும் இன்னொரு மொட்டைன்னு."

ருக்குமணி மெதுவாகக் கேட்டாள். "யாருக்கும்மா?"

"இதென்னடி கேள்வி? ஜிப்பு யாருக்கு ஏறுச்சு?"