பச்சைத் தண்ணீர்

மனைவிக்குப் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் அடுப்படிக்குள் நான் யாரையும் விடவில்லை. உடம்பில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோய்விட்டன, சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும், காய்ச்சல் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று மதுரை மருத்துவர் சொல்லியிருந்தார். கொதித்த தண்ணீர், அன்றன்று ஆக்கிய சோறு, மூடிய பாத்திரம். எங்கள் திருச்சுழிப் பக்கமோ நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. தயிர்ச்சோறும் கோயில் கிடாக்கறியும் வந்துகொண்டே இருந்தன. வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் தலை மறைந்ததும் கொட்டினேன். "பெரிய டாக்டரு இவுக" என்று ஊர் பேசியது. பேசட்டும். எனக்கு அவள் வேண்டும்.

மருந்தின் வேகத்தில் அவள் வாயெல்லாம் புண். சூடாக எதுவும் இறங்காது. நொய்க்கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, மூடி, மின்விசிறிக்கு அடியில் ஆறவிடுவேன். ஆறுவதற்குள் அவளுக்குப் பசி செத்துவிடும். இரண்டு வாயோடு தள்ளிவிடுவாள். எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

அன்று நரிக்குடியிலிருந்து என் அக்கா வந்தாள். கஞ்சியை ஆறவைத்துவிட்டு மாத்திரை வாங்கப் போனேன். திரும்பி வந்தால், மனைவி காலிக் கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவப் பிடித்து வைத்த குடம் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"என்னக்கா செஞ்ச?"

"சுடுதுன்னு பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தா, பாவம். ஒரு செம்பு பச்சத்தண்ணி ஊத்திக் கரச்சுக் குடுத்தேன். கஞ்சிய பெறகு எப்புடிப்பா குடிக்கிறது?"

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான் குடிக்கிறோம். இருந்தும் நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. "கொல்லவா வந்த?" என்றேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வயிற்றோட்டம். அதற்கடுத்த நாள் காலையில் காய்ச்சல். மதுரைக்குப் போகிற காரில் அவள் தலை என் மடியில் அனலாய்க் கொதித்தது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அக்காவையும் விடாமல் வைதுகொண்டே வந்தேன். அருப்புக்கோட்டை தாண்டியதும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"மதினிய வையாதீக," என்றாள். "நாந்தான் ஊத்தச் சொன்னேன். அன்னைக்குத்தான் வயிறாரக் குடிச்சேன்."

அதற்குப் பிறகு யாரை வைவதென்றே எனக்குத் தெரியவில்லை.